கனடாவுக்கும் ஒரு கடவுச்சொல்

தீவுப்பக்கம், புளியங்கூடலில் அக்கா நடத்தும் ஹாட்வெயர் கடைக்குக் கணக்கு மென்பொருள் வாங்குவதென்று முடிவானபோது, கொம்பியூட்டருக்குள்ளேயே இருக்கிற வகைதான் வேண்டுமென்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஒருமுறை காசு கட்டினால் போதும், இன்டர்நெட் தேவையில்லை, எங்கள் கணக்கு எங்கள் மேசையை விட்டு எங்கும் போகாது. மற்ற வகை கிளவுட். அதற்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டும். கணக்கெல்லாம் எங்கேயோ இருக்கும், கடவுச்சொல் வைத்திருக்கிறவர் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் திறந்து பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் அதை விற்கிறவர் இந்தக் கடைசி விஷயத்தைப் பெரிய வசதியாகச் சொன்னார். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் கனடாவில் இருந்தது. கடைக்குப் பாதி முதல் போட்டவர் எங்கள் மூத்த அண்ணை. குளிரில் இரண்டு வேலை செய்து சேர்த்த காசு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் போன் வந்துவிடும். சீமெந்து எவ்வளவு போனது, கம்பி ஏன் அவ்வளவு எடுத்தீர்கள், யாருக்குக் கடன் கொடுத்தீர்கள் என்று கேட்பார். பொலிஸ் விசாரணை தோற்றுப்போகும். அக்கா பொறுமையாகச் சொல்லுவார், அவர் நம்பாமல் திரும்பவும் கேட்பார், கடைசியில் இருவரும் குரலை உயர்த்திவிட்டுப் போனை வைப்பார்கள். அதற்கு முந்தின மாதம் அண்ணை தன் பங்கைத் திருப்பித் தரச் சொல்லிவிட்டார். கொடுத்தால் கடை நிற்காது. அதைவிட, அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் முகம் பார்த்துக் கதைக்கப்போவதுமில்லை.

இந்த லட்சணத்தில் அவருக்குக் கணக்கைத் திறந்து காட்டுவதா? கடையில் நான் சாமான் ஏற்றி இறக்குகிறவன், கணக்கு அக்காவின் பாடு. என்றாலும் என் வாய் சும்மா கிடப்பதில்லை. காற்றடித்தால் சிக்னல் போய்விடும் என்றேன். அக்கா ஏற்கெனவே போனும் கையுமாகக் கடையின் மூலை முடுக்கெல்லாம் நின்று பார்த்து, பெயின்ற் தட்டுக்குப் பக்கத்தில் சிக்னல் நிற்கிறதென்று மேசையை அங்கே இழுத்துப் போட்டிருந்தார். கரண்ட் போனால் பில் புத்தகத்தில் கையால் எழுதிவிட்டுப் பிறகு பதியலாமாம். பழைய கொம்பியூட்டரை உப்புக்காற்று தின்றபோது கணக்கும் அதோடு போனதை மறந்துவிட்டாயா என்று கேட்டார். மறக்கவில்லை. அண்ணையின் சந்தேகமே அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன். அவர் அங்கேயிருந்து எங்களை வேவு பார்ப்பார் என்றேன். அக்கா பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாக்கட்டும். மடியிலை கனமில்லை, எனக்கென்ன பயம்? ஆனா ஒண்டு. என்ரை அண்ணையோட சீமெந்தைத் தவிர வேறை கதை கதைச்சு எத்தினை வருசம் தெரியுமே?"

கோபப்பட அக்காவுக்கு என்னைவிட நூறு மடங்கு நியாயம் இருந்தது. சந்தேகப்பட்டவரின் கையிலேயே சாவியைக் கொடுக்க எனக்கு இந்தப் பிறவியில் மனம் வராது. அன்று அக்காவை நினைக்கப் பெருமையாக இருந்தது. வாயால் மட்டும் சொல்லவில்லை.

கிளவுட் வந்தது. முதல் வேலையாக அண்ணைக்குத் தனியாக ஒரு கடவுச்சொல் போனது. அதை வைத்து எல்லாவற்றையும் பார்க்கலாம், ஒன்றையும் மாற்ற முடியாது. அந்த ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. கணக்குக் கிடைத்துவிட்டது, இனித் தங்கச்சி எதற்கு என்று நான் குத்திக்காட்டினேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்த அக்கா காதில் விழாதவர்போல் இருந்தார். முகம் மட்டும் வாடிப்போயிருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு போன் அடித்தது. கையில் பெயின்ற் இருந்ததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்றும் அண்ணையிடம் மிச்சமிருக்கவில்லை. சீமெந்து, கம்பி, கடன் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"என்ன பிள்ளை, சாப்பிட்டியோ?" என்றார்.

அக்கா ஓம் என்றார். பிறகு முழங்கால் நோவைப் பற்றிச் சொன்னார், கிணற்றுத் தண்ணீர் அந்த வருடம் உவர்க்காமல் நிற்பதைப் பற்றிச் சொன்னார். அண்ணை தனக்குப் பிறஷர் என்றும், இரவு வேலையை விட்டுவிட்டதாகவும் சொன்னார். எங்கள் இருவருக்கும் அது தெரியாது. பங்குக் காசு கடையிலேயே கிடக்கட்டும் என்று நடுவில் ஒரு சொல் சொல்லிவிட்டு, அவர் மறுபடியும் கிணற்றுக்கே வந்துவிட்டார். அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் பச்சைப் பெயின்ற்.

"அவன் இன்னும் என்னோட கோவமே?" என்று அண்ணை கேட்டார்.

அக்கா போனை என் பக்கம் தள்ளினார். அவரிடம் கேட்பதற்கென்று நான் இத்தனை நாள் நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்று விடாமல் நினைவில் இருந்தது. அதில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"எப்ப அண்ணை வாறியள்?" என்று கேட்டேன்.