செவலையைச் சிறுத்தை தூக்கிய சாயங்காலம்

எங்கள் மேய்ச்சல் காட்டைச் சுற்றிக் கிளுவை முள்வேலி. அதற்குள்தான் என் செம்மறிகள் மேயும், படுக்கும். போன வருசம் வேலி ஓரிடத்தில் பட்டுப்போய்ச் சந்து விழுந்தது. முள் வெட்டி அடைக்கச் சொல்லி மகனிடம் சொன்னேன். அவன் பனியன் கம்பெனி நடத்துகிறவன். முள்ளுக்கு எங்கே போவான்? கட்டிங் வேஸ்ட் துணியை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து சந்தில் திணித்தான்.

"கல்லு மாதிரி இருக்குதுங்கம்மா. ஆனை வந்தாலும் அசையாது."

ஆனை வரவில்லை. ரோட்டோரம் கொட்டும் கோழிக்கழிவைத் தின்று கொழுத்து, கூட்டமாய்த் திரியும் நாய்கள் வந்தன. மூட்டையை இழுத்துப் போட்டுவிட்டு நுழைந்து, என் சினையாட்டைக் குதறிக் கொன்றன. விடிந்து நான் போனபோது காதறுந்த செவலை நாய் ஒன்று அதன் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தது. கல்லெடுத்தேன். ஓடவில்லை. என்னைப் பார்த்து உறுமிவிட்டு, மெதுவாக நடந்து போனது.

அந்த நடைதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது சாக வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும்.

மகன் குழி வெட்ட வந்தான்.

"பொதைக்காதே. தின்ன ருசிக்கு மறுக்கா வரும். மருந்து வெச்சறலாம்" என்றேன்.

"மயில் தின்னு செத்துதுன்னா ஃபாரஸ்ட்காரங்க என்னையத்தான் புடிப்பாங்க. உடுங்கம்மா, ஒரு ஆடுதானே."

"உன்ற கம்பெனிக்குள்ள பூந்து ஒரு மிசினை ஒடச்சுட்டுப் போனா இப்படித்தான் பேசுவியா?"

மண்வெட்டியைக் கீழே போட்டான். மருந்து வேண்டாம், நாய்கள் வந்ததும் போன் அடிப்பேன், ஆட்களைத் தடியோடு அனுப்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

மற்ற ஆடுகளை வீட்டுப் பக்கம் ஓட்டிவிட்டு, மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தேன். பொழுது இறங்கும்போது நாய்கள் வந்தன. செவலைதான் முதலில் வாய் வைத்தது. போனை எடுத்தேன்.

அதற்குள் தெற்கே ஓடைப் பக்கமிருந்து வேலியைத் தாண்டி ஒரு சிறுத்தை குதித்தது. நேராக வந்து என் ஆட்டின் மேல் கால் வைத்தது. நாய்கள் சிதறின, பிறகு சுற்றி வளைத்துக் குரைத்தன. செவலைக்குத் திமிர். விட்டுக் கொடுக்காமல் பின்னால் போய் வாலைக் கவ்வியது. சிறுத்தை திரும்பியதுதான் தெரியும். செவலையின் கழுத்து அதன் வாயில் இருந்தது. மற்றவை ஓடிவிட்டன. ஆட்டை விட்டுவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு சிறுத்தை வந்த வழியே போய்விட்டது.

போனை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தேன். எனக்கு அந்த நாய் மேல் துளி இரக்கம் வரவில்லை.

நான் சொன்னதைக் கேட்டு மகன் போன் அடித்திருந்தான்; மறுநாள் காலையில் காலடித் தடம் பார்க்க ஃபாரஸ்ட்காரர்கள் வந்தார்கள்.

"ஏனுங்காத்தா, சிறுத்தை எந்தப் பக்கம் போச்சுங்க?"

"வடக்கால போச்சுங்க சாமி."

"கூண்டுல கட்ட ஒரு ஆட்டுக்குட்டி குடுங்க."

"ஆடு தரமாட்டனுங்க. நாயின்னா எத்தனை வேணும்னாலும் புடிச்சுக் கட்டிக்கங்க."

வடக்கே கூண்டு வைக்கப் போனார்கள். மகன் என் முகத்தையே பார்த்தான்.

"ஓடைப் பக்கமுன்னுதானே நேத்து எங்கிட்டச் சொன்னீங்க? அது நாளைக்கு நம்ம ஆட்டையும் தின்னுமுங்கம்மா."

"தின்னா தின்னுட்டுப் போவுது. மிச்ச நாயிக இன்னும் உசுரோடதான கண்ணு திரியுது."