ஷீஜா கேட்டு வாங்கிய கேள்விகள்

ஷீஜாவை நான் முதலில் பார்த்தது ஒரு கல்லூரி அலுவலகத்தின் வராந்தாவில். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். ஆய்வக உதவியாளர் வேலைக்கு ஒரே ஓர் இடம். நேர்காணலுக்கு வந்திருந்தவர்கள் மூன்று பேர்: ஷீஜா, நான், எபின் என்றொரு இளைஞன்.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. வேதியியல் பட்டம் பெற்றவள். மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் பள்ளியின் ஆய்வகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். கொரோனாவில் பள்ளியை மூடியபோது வீட்டுக்கு அனுப்பினார்கள், திறந்தபோது கூப்பிடவில்லை. பிறகு அண்டி ஆபீசில் சேர்ந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கொட்டையின் பால் பட்டுப் பட்டு அவள் விரல்நுனிகள் கறுத்துப்போயிருந்தன.

நேர்காணல் கடிதம் வந்ததிலிருந்து மூன்று வாரம் தயாரானாளாம். பழைய நோட்டுகளை எடுத்துத் தூசி தட்டிப் படித்திருக்கிறாள். கணவர் ஜெபிஷ் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்ததும், அவரை எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, கேள்விகள் எழுதிய தாளைக் கையில் கொடுத்துவிடுவாளாம். அவர் வாசிப்பார், இவள் பதில் சொல்வாள், சரியா தப்பா என்று தெரியாமலே அவர் தலையாட்டுவார். முந்தின நாள் சாம்பலும் தேங்காய் எண்ணெயும் போட்டு விரல்களைத் தேய்த்ததில் தோல் உரிந்ததுதான் மிச்சம், கறை போகவில்லை.

பத்து மணி நேர்காணலுக்கு ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். சான்றிதழ்களை வரிசையாக அடுக்கி மடியில் வைத்து, செல்போனை அணைத்துவிட்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்குத் தாளாளரின் கார் வந்தது. எழுந்து நின்று வணக்கம் சொன்னோம். மரத்தைத் தாண்டிப் போவதுபோல் எங்களைத் தாண்டிப் போனார். எபினின் தோளை மட்டும் தட்டி, "சாயா குடிச்சியாலே?" என்று கேட்டார். எபின் அவருடைய தங்கை மகன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பதினொன்றரைக்குக் கிளார்க் ஒரு தாளோடு வந்தார். "ரெண்டுபேரும் இதுல ஒப்புப் போடுங்கோ. இன்டர்வியூ முடிஞ்சாச்சு."

"யாருக்கு முடிஞ்சாச்சு?" என்றாள் ஷீஜா.

"ஆளு எடுத்தாச்சு பிள்ளே. மூணுபேரு வந்ததாக் காட்டணும்லா, அதுக்குத்தான் உங்கள விளிச்சது. ஒப்புப் போட்டுட்டு, சாயா குடிச்சிட்டுப் போங்கோ."

மறைக்காமல் சொல்கிறேன்: நான் கையெழுத்துப் போட்டேன். தக்கலைக்கு அடுத்த பஸ் எப்போது என்பதுதான் என் நினைப்பில் இருந்தது.

ஷீஜா பேனாவை வாங்கினாள். தன் பெயருக்குப் பக்கத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: "காலை ஒன்பது மணிக்கு வந்தேன். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை." கீழே கையெழுத்திட்டு, செல்போனை உயிர்ப்பித்து அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டாள்.

"என்ன பணி பிள்ளே காட்டின!" என்று கிளார்க் தாளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளே ஒரே சத்தம். கொஞ்ச நேரத்தில் அவளை வரச்சொன்னார்கள்.

கதவு திறந்தே கிடந்ததால் எல்லாவற்றையும் நான் பார்த்தேன். அவள் வாசலில் நின்று அனுமதி கேட்டு, வணக்கம் சொல்லி உள்ளே போனாள். தாளாளர் ஏத்தம்பழ பஜ்ஜியைத் தின்றுகொண்டே செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேதியியல் துறைத் தலைவர் லீலாபாய். உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"மாப்பிள்ளைக்கு என்ன ஜோலி? பிள்ளைய எத்தன?" தலையைத் தூக்காமலே தாளாளர் கேட்டார். பிறகுதான் அவள் கையைப் பார்த்தார். "இது என்ன அழுக்கு? குளிக்காம வந்தியா?"

வேலை கேட்டு வருகிறவர்களுக்கு எத்தனை பாடம்! நேரத்துக்கு வா, துணியைத் தேய்த்து உடுத்து, நேராக உட்கார், குறுக்கே பேசாதே, சிரித்த முகமாக இரு. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தப் பாடத்தை யார் நடத்துவது?

ஷீஜாவின் குரல் உயரவில்லை. "அழுக்கில்ல சாரே, அண்டிப் பால். கழுவினாப் போவாது. நான் இருக்கலாமா?" என்று கேட்டு உட்கார்ந்தாள். "எனக்க மாப்பிள்ளைக்க ஜோலி இந்த வேலைக்கு ஆவாது சாரே. ஆய்வகத்தப் பத்திக் கேளுங்கோ. நான் படிச்சிட்டு வந்திருக்கேன்."

தாளாளர் மறுபடியும் செல்போனில் குனிந்தார். லீலாபாய்தான் பேசினார். "நேர்த்த கந்தக அமிலம் எப்படித் தயாரிப்பே?"

"முதல்ல தண்ணி எடுப்பேன் மேடம். ஆசிட்ட அதுல கொஞ்சங்கொஞ்சமா விட்டுக் கலக்குவேன். ஆசிட்டுல போயி தண்ணிய விட்டா கொதிச்சுத் தெறிக்கும்."

"ஒரு பிள்ளைக்க கையில தெறிச்சா?"

"உடனே பைப்புக்குக் கீழ கையப் பிடிச்சு இருபது நிமிஷமாவது தண்ணி விடுவேன். பிறகு ஆஸ்பத்திரி. ஏசுறதெல்லாம் அதுக்குப் பொறவு."

லீலாபாய் சிரித்துவிட்டார். கேள்விகள் இருபது நிமிடம் நீண்டன. பாதியிலேயே தாளாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் அவள் அழுதாள். "வேல கிட்டாட்டாப் போவுது ரேஷ்மி. லெட்டர் போட்டு விளிச்சு இருத்திட்டு, ஆளே இல்லாத மாதிரி நடத்தினாவ பாத்தியா?"

அவள் அதோடு விடவில்லை. அந்தப் படத்தையும் இணைத்து உயர்கல்வி அலுவலகத்துக்கு மனு அனுப்பினாள். சாட்சியாக என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். நாலு மாதம் கழித்து, புதிதாக விண்ணப்பங்கள் வாங்கி நேர்காணலை மறுபடி நடத்தவேண்டும் என்று உத்தரவு வந்தது. வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து ஒவ்வொருவரையும் அரைமணி நேரம் கேட்டார். எபின் வரவில்லை. புதிதாக விண்ணப்பித்திருந்த ஜாஸ்மி என்ற பெண்ணுக்கு வேலை கிடைத்தது, முதுகலை படித்தவள். ஷீஜா இரண்டாவதாக வந்தாள்.

"இதுக்குத்தானா இந்தப் பாடு?" என்று அண்டி ஆபீசில் கேலி பேசினார்கள்.

"ஜாஸ்மிகிட்ட கேள்வி கேட்டாவ, அவ பதில் செல்லினா, வேல கிட்டிச்சு. அதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல" என்றாள் அவள். "ஆனா அண்ணைக்கு நடந்ததுக்கு அந்த மனுசன் ஒரு வார்த்த செல்லல பாத்தியளா?"

தாளாளர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்கவேண்டும் என்று கேட்டு இதுவரை மூன்று பதிவுத்தபால் அனுப்பிவிட்டாள். பதில் வரவில்லை. நாலாவதை இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.