பதினொரு நிலையங்கள், பதினொரு வாக்கியங்கள்

தாம்பரத்தில் ஏறிய மின்ரயில் சானடோரியத்தில் நிற்கும்போது, இன்றைக்கும் ஓர் ஆங்கில வாக்கியம் என் வாய்க்குள் தானாக வந்து நிற்கிறது. "லோ லையிங் ஏரியாஸ் ஆர் தி ஃபர்ஸ்ட் டு பி இனண்டேட்டட்." குரோம்பேட்டையில் இன்னொன்று, பல்லாவரத்தில் வேறொன்று. மாம்பலம் வரைக்கும் பதினொரு நிலையங்கள், பதினொரு வாக்கியங்கள். இவை நான் எந்தத் தேர்வுக்கும் படித்தவை அல்ல. என் அண்ணி படித்தவை. அவரைப் படிக்க வைத்தவள் நான் என்பதால் எனக்கும் ஒட்டிக்கொண்டன. மறக்க எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

அண்ணன் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அப்போது அண்ணிக்கு முப்பத்திரண்டு வயது. அண்ணன் பார்த்த வேலைக்குப் பதிலாகக் கருணை அடிப்படையில் அண்ணிக்கு ஒரு வேலை தருவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். ஆனால் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், சான்றிதழை மூன்று வருடத்துக்குள் கொண்டுவர வேண்டும். அண்ணி பத்தாவதில் ஆங்கிலத்தில் மட்டும் தவறிப்போய், அதோடு படிப்பை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர். "ஒரே ஒரு பேப்பர்தானேம்மா, எழுதிட்டு வாங்க" என்று அங்கிருந்த கண்காணிப்பாளர் சாதாரணமாகச் சொன்னார். அந்த ஒரே ஒரு பேப்பரை அண்ணி இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டைவிட்டார். கெடு முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி இருந்தது.

நான் அப்போது காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. மனப்பாடம் செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு. பக்கம் பக்கமாக உருப்போட்டு, கமாகூட மாறாமல் எழுதி, முதல் வகுப்பில் வந்துகொண்டிருந்தவள். "இந்தத் தடவை நான் பாத்துக்கறேன் அண்ணி, நீங்க நான் சொல்றத மட்டும் செய்யுங்க" என்று சொல்லிவிட்டேன். வேறு வழியில்லாத மனுஷி, தலையை ஆட்டினார்.

எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் இறக்கினேன். பத்து முறை எழுதிப் பார்க்கச் சொன்னேன், எழுதினார். பதினோராவது முறை கேட்டால் பாதிதான் வந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தையும் கோத்து ஒரு வார்த்தை ஆக்கிக் கொடுத்தேன். அந்த வார்த்தை நினைவிருந்தது, வாக்கியங்கள் இல்லை. ஒரு பக்தி மெட்டில் பாடச் சொன்னேன். இரண்டு வரி பாடிவிட்டு, "பாப்பா, எனக்கு அழுகையா வருது" என்றார். சமையல் மேடைக்கு மேலே ஒட்டிய தாள்கள் ரசம் தெறித்து மஞ்சளாகிப் போயின. ஆங்கில எழுத்து அண்ணிக்குத் தெரியும், எழுத்துக்கூட்டி எழுதவும் வரும், எதற்கும் அர்த்தம்தான் தெரியாது. அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. "யோசிக்காதீங்க அண்ணி, யோசிச்சா மறந்துடும். அப்படியே முழுங்குங்க" என்பதுதான் என் உபதேசம்.

அண்ணி மாம்பலத்தில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டிருந்தார் என்றால் உண்மையிலேயே நாள் முழுக்க நின்றுகொண்டு. வீட்டுக்கு வந்தால் காலை நீட்டிய மறுகணம் கண் செருகிவிடும். படிக்க அவருக்குக் கிடைத்தது காலையில் ரயிலில் போகும் நேரம் மட்டுமே. அங்கேதான் எனக்கு அந்தப் பிரமாதமான யோசனை வந்தது. வரும் என்று எல்லோரும் சொன்ன ஒரு கட்டுரையைப் பதினொரு வாக்கியங்களாகச் சுருக்கி, நிலையத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். தாம்பரத்தில் முதல் வாக்கியம். சானடோரியத்தில் ரயில் நின்றதும் இரண்டாவது. வண்டி நின்றால் சொல்ல வேண்டும், கிளம்பினால் நிறுத்த வேண்டும். தேர்வு அறையில் கண்ணை மூடி ரயில் ஏறினால் போதும், வாக்கியங்கள் வரிசையாக வந்துவிடும்.

வந்தன. அதுதான் அதிசயம். ஒரே மாதத்தில் அண்ணி ஒரு வார்த்தை பிசகாமல் சொல்ல ஆரம்பித்தார். மகளிர் பெட்டியில் தினமும் எதிரே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டு வரும் அக்கா, "இன்னாமே, டேசனுக்கு டேசன் மந்திரம் சொல்லிகினு வர்ற? யாருக்குனா செய்வினை வெக்கிறியா?" என்று கேட்டாராம். விஷயம் தெரிந்ததும் அவரே காவலுக்கு வந்துவிட்டார். அண்ணி அசந்தால், "திரிசூலம் வந்துட்ச்சு, சொல்லு சொல்லு" என்று உலுக்குவார். அண்ணன் போன பிறகு அண்ணி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது, இந்தக் கதையை வீட்டில் சொன்னபோதுதான்.

தேர்வு மையம் மாம்பலம் பக்கத்தில் ஒரு பள்ளி. பழகிய பாதை, நல்ல சகுனம் என்று நினைத்தோம். அன்று காலை ஏதோ சிக்னல் கோளாறு. தாம்பரம் நடைமேடையில் நிற்க இடமில்லை, எல்லா நிலையங்களிலும் நிற்கிற வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நேரம் செங்கல்பட்டிலிருந்து ஒரு விரைவு மின்ரயில் வந்தது. "இதுல ஏறுங்க அண்ணி, சீக்கிரம் போயிடலாம்" என்று அவர் முதுகைப் பிடித்துத் தள்ளி நானும் ஏறினேன்.

ரயில் சானடோரியத்தில் நிற்கவில்லை. நடைமேடை சடசடவென்று பின்னால் ஓடியது. அண்ணியின் உதடு திறந்தது, மூடியது. என்னைப் பார்த்தார். எங்கெங்கோ நிற்காமல் ஓடி, எங்கேயோ ஒரு இடத்தில் நின்று, மறுபடி ஓடியது. திரிசூலமும் மீனம்பாக்கமும் பழவந்தாங்கலும் வெறும் மஞ்சள் பலகைகளாகக் கடந்து போயின. "பாப்பா, நிக்க மாட்டேங்குதே" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நிக்காட்டி என்ன, மனசுல நிறுத்திக்குங்க" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

கேள்வித்தாளில் அந்தக் கட்டுரை வந்திருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. வராமல் போயிருந்தால் விதி என்று விட்டிருப்பேன். வெளியே வந்த அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை. கண்ணை மூடினால் அன்று காலை வந்த ரயில்தான் வந்ததாம். தாம்பரத்து வாக்கியத்தை எழுதிவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தாராம். "சானடோரியம் வரவே இல்ல பாப்பா. நான் எவ்ளோ நேரம் ஒக்காந்திருந்தேன் தெரியுமா?" என்றார். நடுவிலும் கடைசியிலும் கிடைத்ததை எழுதி, அடித்து, திரும்ப எழுதிக்கொண்டிருக்கையிலேயே மணி அடித்து, தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

நான்கு மதிப்பெண் குறைவு. கெடு முடிந்தது. கண்காணிப்பாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார், ஆனால் வருத்தப்படுவதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அண்ணி மறுநாள் அதே ரயிலில் அதே கடைக்குப் போனார். நான் படிப்பை முடித்து மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணியின் கால்களில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. பண்டிகைக் காலத்தில் இன்னும் பதினொரு மணி நேரம் நிற்கிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாம்பலம் போனோம். கூட்டமில்லாத வண்டி. சானடோரியத்தில் ரயில் நின்றதும் என் உதடு அசைந்ததை அண்ணி பார்த்துவிட்டார். சிரித்துக்கொண்டே அவரும் ஆரம்பித்து மாம்பலம் வரை போகாமல், குரோம்பேட்டை வருவதற்குள் மிச்சம் அத்தனையையும் மளமளவென்று சொல்லி முடித்தார். ஒரு எழுத்து பிசகவில்லை. பிறகு, "ஆமா பாப்பா, இத்தன வருஷமா கேக்கணும்னு நெனப்பேன். இதுல இன்னாதான் எழுதியிருக்கு?" என்றார்.

சொன்னேன். வெள்ளம் வந்தால் என்னென்ன நடக்கும் என்பதுதான், அண்ணி. தாழ்வான இடங்களில்தான் முதலில் தண்ணீர் ஏறும். பிறகு மின்சாரம் நின்றுவிடும். பால், மருந்து கிடைக்காது. படகில் வந்து ஆட்களை மீட்பார்கள். நான் சொல்லச் சொல்ல அண்ணியின் சிரிப்பு நின்றுபோனது. அண்ணன் உயிரோடு இருந்தபோது, முடிச்சூரில் எங்கள் தெரு மூழ்கிய அந்த மழையில், இடுப்பளவுத் தண்ணீரில் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவர் அண்ணி. இரண்டு நாள் அந்த மாடியில்தான் இருந்தார்.

"நம்ம தெருவுல தண்ணி பூந்துச்சே, அதுவா இது?" என்றார். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "மொதல்ல பள்ளத்துலதான் பூரும். அப்புறம் கரண்ட நிறுத்துவான். அப்புறம் புள்ளைங்க பாலுக்கு அழும். ரெண்டாம் நாள்தான் படகு வரும். இந்த வரிசைய நான் மறப்பேனா? இதுக்கு எதுக்கு பாப்பா ஸ்டேஷன்?"

அண்ணி கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.