ஸ்கேன் செய்யாத கடிதங்கள்

சரோஜா அக்கா போய்விட்டார். வேப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாரே, அவர்தான். காலையில் எங்கள் ஃப்ளாட் வாட்ஸப் குரூப்பில் பார்த்தேன்... மாரடைப்பாம்.

குரூப்பில் எல்லோரும் RIP போடுகிறார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

அக்கா கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பட்டன் போன்காரர்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், செக்யூரிட்டிகள். நெட் பக்கமே போகாதவர்கள், ஆனால் நெட்டுக்கும் சேர்த்துக் கட்டினால்தான் போன் வேலை செய்யும்.

"பேசறதுக்கு மட்டும் போடும்மா" என்பார்கள்.

"அப்டி ஒண்ணு இல்லியே ஆயா, நான் இன்னா பண்ணட்டும்?" என்று தினமும் சொல்லியே அக்காவுக்கு அலுத்துவிட்டது.

பேசுவதற்கு மட்டும் தனியாகச் சின்ன ரீசார்ஜ் வேண்டுமா, பொதுமக்கள் கருத்து அனுப்பலாம் என்று அரசு அறிவிப்பு வந்தது. ரயிலுக்கு நிற்கும்போது நான்தான் பெருமையாக அவரிடம் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து ரீசார்ஜுக்கு வந்த ஒவ்வொருவரையும் ஸ்டூலில் உட்கார வைத்தார். அவரவர் கஷ்டத்தை அவரவரையே எழுத வைத்தார். எழுதத் தெரியாதவர்களுக்கு, அவர்கள் சொல்லச் சொல்லத் தானே எழுதிக் கைநாட்டு வாங்கினார். ஒரு பிரவுன் கவர் நிறைய.

"தம்பி, நீ கம்ப்யூட்டர் ஆளு. ஒண்ணொண்ணா ஸ்கேன் பண்ணி அனுப்பிடு. ஒண்ணுகூட உட்டுடாத."

கடைசி நாள் வரை தள்ளிப்போட்டேன். அம்பத்தூர் ஆபீஸில் அன்று சாஃப்ட்வேர் ரிலீஸ் வேறு. கவரைப் பிரிக்கக்கூட இல்லை... மேலே அக்கா ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்து, இங்கிலீஷில் ஒரே ஒரு டெம்ப்ளேட். பெயரை மட்டும் மாற்றி மாற்றி மெயில். லஞ்ச் பிரேக்கிலேயே முடித்துவிட்டேன் என்று டீமில் பீற்றிக்கொண்டேன்.

அப்புறம் சிட்டியில் கருத்துக்கேட்புக் கூட்டம். அக்கா கடையை மூடிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"வேப்பம்பட்டுல இருந்து வந்ததெல்லாம் ஒரே காப்பிம்மா. ஒரே கருத்தாத்தான் எடுத்துக்க முடியும்" என்றார் அதிகாரி.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

பிறகு அதிகாரியிடம் சொன்னார்: "எல்லாருக்கும் ஒரே கஷ்டம் சார். அப்பால எப்டி வேற வேற எழுதுவாங்க?"

ஹாலில் சிரித்தார்கள். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை... அதுதான் இன்னும் அறுக்கிறது.

ரயிலில் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஆவடி தாண்டியதும் கேட்டார்.

"பேப்பருங்க உங்கிட்டதானே கீது? எடுத்தாந்து குட்த்துடு. அடுத்தவாட்டி நானே எடுத்துகினு போறேன்."

சரி என்றேன். கொடுக்கவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது? ஆப்பில் ரீசார்ஜ் செய்துகொண்டு, ஸ்டேஷனுக்கு மறுபக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷம்.

இன்றுதான் கவரைப் பிரித்தேன். மேலேயே அக்காவின் கடிதம்.

"ஐயா, நான் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். சின்ன ரீசார்ஜ் வந்தால் என் கமிஷன் குறையும். பரவாயில்லை ஐயா, கொடுங்கள்."

அதற்கடுத்து, துபாயில் இருக்கும் மகனின் குரலுக்காக மட்டும் போன் வைத்திருக்கும் ஓர் அம்மா. அடுத்து, ரீசார்ஜ் போட முடியாமல் போன் கட் ஆனதால் டூட்டி மாறியது தெரியாமல் வேலை போன வாட்ச்மேன்.

எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை அக்கா.

கவரை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறேன். மன்னிச்சிடுங்க... போய் வாங்க.