டார்ச்சும் இருபது கிலோமீட்டரும்

பட்டப்பகலிலும் சட்டைப் பையில் டார்ச் லைட் வைத்திருக்கும் மனிதர் எங்கள் லாரி ஷெட்டில் ஒருவர்தான். அதனால் அவர் பெயரே டார்ச் என்றாகிவிட்டது. பால்காரர் ஊற்றிய பாலில் அடித்துப் பார்ப்பார். மெக்கானிக் முறுக்கிய போல்ட்டில் அடித்துப் பார்ப்பார். பல் டாக்டர் இவர் வாயில் லைட் அடிப்பதற்கு முன்னால், இவர் டாக்டர் கையிலிருந்த ஊசியில் அடித்துப் பார்த்தாராம்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு பத்துச் சக்கர லாரி. ஓட்டியது அவர் மனைவியின் தம்பி. எங்கள் எல்லோருக்குமே அவன் மச்சான்தான். சிமெண்ட் ஆலையிலிருந்து கிடங்குக்குப் போக முந்நூறு, வர முந்நூறு கிலோமீட்டர். ஏழு வருஷமாக அதே ரோடு. இந்த உலகத்தில் டார்ச் யாரையாவது நம்பினார் என்றால் அவனைத்தான், அதுவும் பாதி. ஒவ்வொரு நடைக்கு முன்னும் பின்னும் ஓடிய தூரம் காட்டும் மீட்டரைப் பார்த்து லாரிக் கதவின் உட்புறத்தில் சாக்பீஸால் எழுதி வைப்பார்.

டயர் தேய்ந்து போய் இரண்டு பேரும் என் கடைக்கு வந்தார்கள். நான் டயர்காரன். பழையதெல்லாம் உயரமான டயர். மேடு பள்ளத்துக்கு நல்லது, கல்லில் அடிபட்டாலும் தாங்கும். ஆனால் இப்போது ஆலை வாசல்வரை தார் போட்டுவிட்டார்கள். குட்டை டயர் போடுங்கள் என்றேன். எடை குறைவு, வளைவில் வண்டி ஆடாது, டீசலும் கொஞ்சம் மிச்சமாகும்.

“அவ்ளோ நல்ல டயர்னா நீ ஏன் விக்கிற? நீயே வெச்சுக்க வேண்டியதுதான?”

“டயர் கடையில டயர் விக்காம பூவா விப்பாங்க?”

மச்சான் சிரித்தான். “வளைவுல ஆடாதுன்னா எனக்கு அது போதும் மாமா.”

அதற்காகத்தான் டார்ச் சம்மதித்தார். அப்போதும் சும்மா விடவில்லை. இரண்டு டயரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, விரல் வைத்து அளந்தார். குட்டை டயர் இரண்டு விரல் குறைவு. தட்டினார், முகர்ந்தார், உள்ளே லைட் அடித்தார்.

“இன்னொரு விஷயம்ண்ணே, மீட்டர் வந்து...” என்று ஆரம்பித்தேன்.

“போதும்டா. விக்கிறவன் பேச்ச நான் கேக்கிறதில்ல.”

எனக்கும் சுர்ரென்று வந்தது. எக்கேடோ கெட்டுப் போ என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று நான் மூடியிருக்கக் கூடாது.

முதல் நடை முடிந்து வண்டி வந்தது. மீட்டரில் அறுநூற்று இருபது. அடுத்த நடையும் அதே இருபது கூடுதல். மூன்றாவதும் அப்படியே. டார்ச் யாரிடமும் மூச்சு விடவில்லை. பாதி வழியில் ஒரு கிளைச் சாலை பிரியும். அதில் பத்து கிலோமீட்டர் போனால் ஒரு சின்ன ஊர். போக பத்து, வர பத்து. கல்யாணமாகிக் குழந்தை உள்ளவனுக்கு அந்த ஊரில் என்ன வேலை? டார்ச் தன் கற்பனையில் அங்கே ஒரு பெண்ணைக் குடி வைத்தார். இரண்டு வாரத்தில் அவள் வீட்டுக்குப் பச்சைக் கதவுகூட மாட்டிவிட்டார்.

நான் அப்போது டயர் எடுக்க வெளியூர் போயிருந்தேன். ஷெட்டில் எட்டுப் பேர் முன்னால் மச்சானை நிறுத்திக் கேட்டிருக்கிறார்.

“எந்த வீட்டுக்குடா போயிட்டு வர்ற?”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கதவில் எழுதியிருந்ததை லைட் அடித்துக் காட்டினார்.

“நேரா போனேன், நேரா வந்தேன் மாமா.”

“அப்ப அந்த இருபது கிலோமீட்டர் வண்டி தானா போச்சா?”

அவன் சாவியைப் பம்பர் மேல் வைத்துவிட்டு நடந்தான். விஷயம் அவனுக்கு முன்னால் அவன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் மனைவி அவனோடு பேசவில்லை. டார்ச்சின் மனைவி டார்ச்சோடு பேசவில்லை.

வேறு டிரைவர் அமையாமல், பத்தாம் நாள் டார்ச்சே வண்டியை எடுத்தார். டீக்குக்கூட ரோட்டை விட்டு இறங்கவில்லை. திரும்பி வந்து மீட்டரைப் பார்த்தவர் நேரே என் கடைக்கு ஓடி வந்தார். நான் அன்று காலையில்தான் ஊர் திரும்பியிருந்தேன்.

“நான் ஓட்டியும் அறுநூத்தி இருபதுடா! மீட்டர்லயும் கைய வெச்சிட்டுப் போயிருக்கான்!”

என்ன ஏதென்று கேட்டேன். முழுக் கதையையும் கேட்டதும் உயரமான டயர் ஒன்று, குட்டை டயர் ஒன்று எடுத்தேன். இரண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, தரையில் ஒரே இடத்திலிருந்து ஒரு முழுச் சுற்று உருட்டினேன். குட்டை டயர் ஒரு கையகலம் முன்னாடியே நின்றது.

“மீட்டர் ரோட்ட அளக்கிறதில்லண்ணே. சக்கரம் எத்தன சுத்து சுத்துச்சுன்னுதான் அதுக்குத் தெரியும். குட்டை டயர் அதே தூரத்துக்குக் கூடச் சுத்தணும். அறுநூறுக்கு இருபது கூடக் காட்டும். அன்னைக்கு இதத்தான் சொல்ல வந்தேன்.”

டார்ச் தன் லைட்டை எடுத்து அந்தக் கையகல இடைவெளியில் அடித்துப் பார்த்தார். பிறகு அந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எட்டுப் பேர் முன்னாடி கேட்டுட்டேனேடா.”

பாவமாக இருந்தது. ஓங்கி ஒன்று விடலாம் போலவும் இருந்தது. எழுப்பி மச்சான் வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

மச்சானின் மனைவி கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள். டார்ச் தட்டுத்தடுமாறி டயர், மீட்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். “தப்பு என்னோடதுதான் மச்சான். வந்துரு” என்று சாவியை நீட்டினார்.

மச்சான் கையை நீட்டவில்லை.

“மீட்டர் சொன்னத நம்புனீங்க. இப்ப டயர் சொல்றத நம்புறீங்க. நடுவுல நானும்தான ஒண்ணு சொன்னேன்?”

கேட்டது மாமாவை. பார்த்தது தன் மனைவியை. அவள் சட்டென்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது அவன் வேறு கம்பெனியில் ஓட்டுகிறான். டார்ச் தன் லாரியைத் தானே ஓட்டுகிறார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அரை மணியில் மீட்டரைச் சரிபண்ணிவிடுவான் என்று சொன்னேன். “வேணாம், இருக்கட்டும்” என்றார். போன வாரம் காற்றுப் பிடிக்க வந்தபோது கதவின் உட்புறத்தைப் பார்த்தேன். பழைய எண்களையெல்லாம் துடைத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார். அவரே ஓட்டிப் போன அந்த முதல் நடையின் அறுநூற்று இருபது.