ஒரே வீட்டில் பதிமூன்று பேர்

சுயம்புலிங்கத்துக்குக் கம்ப்யூட்டர் மேல் கோபமெல்லாம் கிடையாது. ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் இருபத்தாறு வருஷமாக டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எந்த ஷிப்டுக்கு வரவேண்டும் என்று பட்டியல் போடுவதுதான் வேலை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு அட்டை வைத்திருந்தார். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறோம், பட்டியலை இனி அதுவே போட்டுவிடும் என்று 1996இல் மேனேஜர் சொன்னபோது, கைவலி விட்டது என்று சந்தோஷமாகவே தலையாட்டினார்.

அட்டைகளைச் சரிபார்க்கவே இரண்டு மாதம் பிடித்தது. ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை இருந்தது. செத்து எட்டு வருஷமானவர் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் திருத்தி, மதுரையிலிருந்து வந்திருந்த புரோகிராமர் காமராஜிடம் கட்டுக்கட்டாகக் கொடுத்தார். அவனோ முன்பக்கத்தை மட்டும் பார்த்தான்.

"தம்பி, பின்னால பென்சில்ல எழுதியிருக்கேன்லா?"

"அதுக்கு இதுல எடம் இல்ல சார். பேரு, முகவரி, வேலை, அவ்வளவுதான்."

சுயம்புலிங்கம் ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பென்சில் எழுத்தை வைத்துத்தான் அவர் இத்தனை வருஷம் பட்டியல் போட்டு வந்தார். 'மாலைக்கண்.' 'தாய் படுக்கையில்.' தங்கச்சாமியின் அட்டையில் வெறும் 'நைட் வேண்டாம்.' தங்கச்சாமி பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். ஒரே மகள் பாலம்மாளுக்குத் தூக்கத்தில் வலிப்பு வரும். வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று அவன் சுயம்புலிங்கத்தைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒன்பது வருஷமாக அவனுக்கு நைட் ஷிப்ட் விழுந்ததில்லை. விலக்கு கேட்டு மேனேஜரிடம் போனால் டாக்டர் சீட்டு கேட்பார். சீட்டு நாலு கை மாறினால் ஊரே பேசும்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஒரு வழி தட்டுப்பட்டது. பக்கத்துக் கிராமமான தேவதானத்துக்காரர்களுக்கு இரவில் பஸ் இல்லை என்று ஆலையில் அவர்களை நைட் ஷிப்டில் போடுவதில்லை. காமராஜும் புரோகிராமை அப்படியே எழுதியிருந்தான். சுயம்புலிங்கம் அட்டைகளைத் திரும்ப வாங்கி, பேனாவை எடுத்துத் தங்கச்சாமியையும் இன்னும் பதினோரு பேரையும் தேவதானத்தில் குடியேற்றினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். அடுத்தவன் வீட்டை எழுத மனசு வரவில்லை. தேவதானத்தில் தாம் குடியிருக்கும் வீட்டு முகவரியையே பன்னிரண்டு தடவை எழுதிவைத்தார்!

அடுத்த வாரம் காமராஜ் கூப்பிட்டான்.

"சார், உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பேரு?"

"நானும் என் பெண்டாட்டி வெள்ளத்தாயும். அவ வீட்டோட இருக்கா."

"இந்த மில்லுல மட்டும் பதிமூணு பேரு வேலை பாக்குறதா கம்ப்யூட்டர் சொல்லுது."

சுயம்புலிங்கம் நேராகவே சொன்னார். "ஒவ்வொருத்தனுக்கும் ஒரு காரணம் இருக்கு தம்பி. அதை நான் சொல்லக்கூடாது. மேனேஜர்ட்ட சொல்லணும்னா சொல்லிக்கோ. நான் மாத்தமாட்டேன்."

காமராஜ் அந்தப் பன்னிரண்டு அட்டைகளையும் தேடி எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தான். பிறகு கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு செத்த நேரம் தட்டினான்.

"எல்லாரும் ஒரே கதவு எண்ணுல இருந்தா யாராவது கேப்பாங்க சார். ஏழு பை ஒண்ணு, ஏழு பை ரெண்டுன்னு உங்க வீட்டைப் பிரிச்சு விட்டுட்டேன்."

சுயம்புலிங்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றாம் தேதி முதல் பட்டியல் கேட்டில் ஒட்டப்பட்டது. தங்கச்சாமி: பகல். அவனுக்கு முகவரி விவகாரம் எதுவும் தெரியாது. கம்ப்யூட்டர் வருகிறது என்று கேட்ட நாளிலிருந்து பயந்து கிடந்தவன், மூன்றாம் நாள் காலையில் டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, நேத்து ராத்திரி புள்ளைக்கு வந்துட்டு."

"அய்யோ! பொறவு?"

"பக்கத்துலதான் இருந்தேன்" என்றான் தங்கச்சாமி.