தடம் விட்ட டிஸ்க்

ஒன்பது வருடம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். திருப்பூரில் எந்த யூனிட்டுக்குப் போனாலும் என்னைக் 'கம்பெனிப் பொண்ணு' என்றுதான் சொல்வார்கள். அது போதும் என்று உதறிவிட்டு அதே ஊரில், மண்ணரையில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கடை போட்டேன். முதல் பெரிய வேலை, ஒரு பிரிண்டிங் யூனிட்டின் சர்வர்.

பனியன் துணியில் அச்சடிக்கும் டிசைன்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். எட்டு ஹார்ட் டிஸ்க்குகளை, பலவற்றை ஒன்றாக்கும் ரெய்டு கார்டில் சேர்த்து, ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கும்படி செய்ய வேண்டும். "எல்லாம் ஒரே டிரைவா இருக்கோணுமுங்க அம்மணி. துண்டு போடற பேச்சே வேண்டாம்" என்றார் முதலாளி. சர்வரின் பழைய மதர்போர்டு அதற்கு ஒத்துவருமா என்று எனக்கு அப்போதே உறுத்தியது. முதல் வாடிக்கையாளர் ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சனிக்கிழமை, ஒரு சின்ன டிஸ்க்கைத் தற்காலிகமாக மாட்டி சர்வரை இயக்கி, பழைய கம்ப்யூட்டரிலிருந்து டிசைன்களை எட்டும் சேர்ந்த பெரிய டிரைவில் ஏற்றினேன். ஞாயிறு காலை அந்தச் சின்ன டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பெரிய டிரைவிலேயே சிஸ்டத்தைப் போட்டேன். சர்வர் எழவில்லை. கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் சிமிட்டியது. அந்தப் பழைய போர்டுக்கு இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட டிரைவிலிருந்து கிளம்பத் தெரியாது.

"நாளைக்குக் காலைல வேலை ஓடோணுமுங்க. முடியாட்டிச் சொல்லுங்க, உங்க பழைய கம்பெனியவே கூப்பிட்டுக்கறேன்" என்றார் முதலாளி. பிறகு அவரே கேட்டார்: "இல்லாட்டி அந்தச் சின்ன டிஸ்க்கையே மாட்டி உட்டுருங்களே?"

"மாட்டேன் அண்ணாச்சி. அது ஒண்ணு செத்தா, எட்டு இருந்தும் சர்வர் எந்திரிக்காது. தப்பு என் பேர்ல. நேத்து போட்டத அழிச்சிட்டு மொதல்ல இருந்து பண்ணுதேன். எட்டும் சேர்ந்த எடத்துல ஓரமா ஒரு சின்னத் துண்டு வெட்டணும். சர்வர் அது வழியாத்தான் உள்ள போகும்."

"தடம்னு சொல்லுங்க" என்றார். அவருடைய ஊரான கணியூரில் தென்னந்தோப்பைப் பாகம் பிரித்தபோது, உள்ளே வண்டி போகத் தடம் விடாமல் போய், அண்ணனோடு அவருக்குக் கேஸ் நடப்பது எனக்குத் தெரியும்.

"அந்தத் துண்டுல ஒரு டிசைன்கூட வைக்கக் கூடாது."

"தடத்துல எவனுங்க தென்னை வெப்பான், எங்கண்ணனத் தவிர?" சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "வெட்டுங்க அம்மணி."

ஒரு நாள் உழைப்பை அழிக்கும் பட்டனை அழுத்தினேன். ரெய்டு கார்டின் செட்டப்பிலேயே சின்னதாக ஒரு துண்டு, மீதி முழுவதும் இன்னொன்று என்று பிரித்தேன். சின்னதில் சிஸ்டத்தைப் போட்டுவிட்டு சர்வரை மறுபடி கிளப்பினேன். கர்சர் சிமிட்டியது. லாகின் திரை வந்தது.

டிசைன்கள் மறுபடி ஏறி முடியச் சாயங்காலம் ஆனது. அதுவரை நான் நாற்காலியை விட்டு நகரவில்லை.

முதலாளி பிரிண்டிங் மாஸ்டருக்குப் போன் போட்டார். "நாளைக்கு வேலை உண்டுங்க மாஸ்டர். இல்லீங்க, எந்தக் கம்பெனியும் வரலீங்க. மண்ணரை அம்மணிதான் பண்ணிக் குடுத்தாங்க."

நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதுபோலப் பைக்குள் குனிந்துகொண்டேன். அது என் கையில்தான் இருந்தது.